வட திருநள்ளாறும் நுங்கம்பாக்கத்துத் தொலைநோக்கியும்

தொண்டை மண்டலத்து நவக்கிரகக் கோயில்களைச் சுற்றி வருகிறவர்களுக்கு வழி மனப்பாடம். கொளப்பாக்கத்தில் சூரியன், சோமங்கலத்தில் சந்திரன், பூந்தமல்லியில் செவ்வாய், கோவூரில் புதன், போரூரில் குரு, மாங்காட்டில் சுக்கிரன், குன்றத்தூரில் ராகு, கெருகம்பாக்கத்தில் கேது. சனிக்கு நம் பொழிச்சலூர். அகத்தீஸ்வரர் கோயிலில் சனீஸ்வரருக்குத் தனிச் சன்னிதி உண்டு; வட திருநள்ளாறு என்று ஊருக்கு இன்னொரு பெயரும் உண்டு. சனிக்கிழமை காலையில் கோயில் தெருவுக்குள் வண்டியை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் கனம் தெரியும்.

இந்த மலருக்கு அறிவியல் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். அறிவியல் வாழ்க என்று பொதுவாக எழுதினால் விளம்பரப் பக்கங்களோடு சேர்த்துப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் ஒரு நிறுவனத்தின் கதையைச் சொல்கிறேன். நம் ஊரிலிருந்து வடக்கே, அடையாற்றைத் தாண்டி, நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகம் அது. 1792 முதல் 1899 வரை நம் ஊர்ச் சனியை அவர்களும் பார்த்தார்கள், வேறு வகையில். பார்த்ததை எழுதிவைத்தார்கள். எழுதியதில் சில தப்பு. அந்தத் தப்புகளும் இந்தக் கதைக்கு வேண்டியவை.

தொடக்கம் எழும்பூரில். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-இல் தன் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் வைத்தார்; பிறகு கருவிகளைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். கம்பெனிக்கு வானத்தின்மேல் காதல் ஒன்றும் கிடையாது. சோழமண்டலக் கரையில் கப்பல்கள் மோதாமல் வர வேண்டும், பிடித்த நாட்டுக்கு வரைபடம் வேண்டும்; இரண்டுக்கும் தீர்க்கரேகை துல்லியமாகத் தெரிய வேண்டும். மைக்கேல் டாப்பிங் வரைந்த திட்டப்படி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. நடுவே 15 அடி உயரம், 10 டன் எடை கொண்ட ஒற்றைக் கருங்கல் தூண். கருவி அசையாமல் நிற்க அது. தூணில் தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு உண்டு. ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களும் இதை அறிய வேண்டும் என்ற நினைப்போடு, பிரிட்டிஷார்தான் ஆசியாவில் கணித அறிவியலை நட்டார்கள் என்ற தோரணையில் அது பேசுகிறது. ஆரியபட்டர் எழுதி ஏறக்குறைய 1,300 ஆண்டு கழித்து வெட்டிய கல்வெட்டு அது. இதே டாப்பிங் 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது.

டாப்பிங்கிற்குப் பின் வந்த ஜான் கோல்டிங்ஹாம் செய்த ஒரு சோதனையில் நம் பக்கத்துக்கு நேரடிப் பங்கு உண்டு. அந்நாளில் பரங்கிமலையிலும் ஜார்ஜ் கோட்டையிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பார்கள். நுங்கம்பாக்கத்து மாடியில் நின்றால் முதலில் வெளிச்சம் தெரியும், சத்தம் பின்னால் வரும். பரங்கிமலை அங்கிருந்து சுமார் 9 கிலோமீட்டர். சத்தம் வந்துசேர இருபத்தைந்து விநாடிக்கு மேல் ஆகும். 1820, 1821-இல் நாள்தோறும் இந்த இடைவெளியைக் காலக்கருவி வைத்து எண்ணினார்கள். எண்ணியதோடு அந்த நேரத்து வெப்பம், காற்றழுத்தம், ஈரம், காற்றின் திசை எல்லாவற்றையும் பக்கத்திலேயே குறித்தார்கள். மாதத்துக்கு மாதம் வேகம் மாறியது. மாறுகிறதே என்று ஒரே சராசரியைப் போட்டு மூடியிருக்கலாம். அவர் மாதவாரியாகவே அட்டவணை போட்டு 1823-இல் லண்டன் ராயல் சங்கத்தின் இதழில் அச்சிட்டார். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகிறது, சூடான காற்றில் விரைகிறது என்பது அந்த அட்டவணையில் கண்ணுக்குத் தெரியும். அந்த மாலைப் பீரங்கியின் முழக்கம் அன்றைய பொழிச்சலூர் வயல்களுக்கும் எட்டியிருக்கும். விளக்கேற்றும் நேரத்தை அதைக் கேட்டுச் சொல்லியிருப்பார்களோ என்னவோ.

கோல்டிங்ஹாம் விடுப்பில் போயிருந்த ஆண்டுகளில் பொறுப்பு பார்த்தவர் ஜான் வாரன். இவர் பின்னாளில், 1825-இல், 'கால சங்கலிதம்' என்ற பெரிய நூலை வெளியிட்டார். தென்னாட்டுக் காலக்கணக்கு முறைகள் பற்றியது. அதில் ஒரு செய்தியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளை வைத்து, எந்தப் புத்தகமும் பார்க்காமல், மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே 1825 மே 31 - ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அதை வானத்தோடு ஒப்பிட்டால் வந்த வித்தியாசம் இது. தொடக்கம் 4 நிமிடம் தவறு. நடுப்பகுதி 23 நிமிடம். முடிவு 52 நிமிடம். சிலர் இதில் 4 நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பெருமை பேசுவார்கள், சிலர் 52 நிமிடத்தை எடுத்துக்கொண்டு கேலி பேசுவார்கள். மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்கு அறுபது ஆண்டு முன்பு 1765 ஆகஸ்ட் 30 கிரகணத்துக்கு நம் நாட்டுக் கணக்கு, கால அளவில் 41 விநாடி மட்டுமே குறைந்தது. பிரெஞ்சு வானியலர் லெ ஜென்டீல் கொண்டுவந்த ஐரோப்பிய அட்டவணையோ 68 விநாடி கூடிப்போனது. இதையும் லெ ஜென்டீலே எழுதிவைத்திருக்கிறார். தன் பக்கத்துத் தோல்வியைத் தானே அச்சேற்றுகிற பழக்கம் எல்லாருக்கும் வருவதில்லை.

இனிச் சனி. 1848-இல் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தார் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். கம்பெனியின் பொறியாளர், அடிக்கடி நோய்ப்படுகிறவர். அவர் காலத்தில் பாரிஸ் லெரெபூர் கம்பெனியின் ஆறு அங்குலத் தொலைநோக்கி வந்தது. இன்று அதைவிடப் பெரிய கண்ணாடி வைத்திருக்கும் கல்லூரி மாணவர்கள் நகரில் உண்டு.

சனியின் வளையம் ஐரோப்பியர்களையே இருநூறு ஆண்டு அலைக்கழித்த விஷயம். கலிலியோ 1610-இல் பார்த்தபோது நடுவில் ஒன்று, இரு பக்கம் இரண்டு என மூன்று உருண்டைகளாகத் தெரிந்தது. 1612-இல் பார்த்தால் பக்கத்து இரண்டும் காணோம். அவருக்குக் காரணம் புரியவே இல்லை. 1659-இல் வானியலர் ஹைகன்ஸ் சொன்னார்: எங்கும் ஒட்டாத தட்டையான வளையம் ஒன்று சாய்வாகச் சுற்றி நிற்கிறது, ஏறக்குறைய பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை அதன் விளிம்பு நமக்கு நேராக வரும்போது கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. அடுத்து எப்போது மறையும் என்று கணக்குச் சொல்ல முடிந்ததுதான் அந்த விளக்கத்தின் பலம். அண்மையில் அப்படி விளிம்பு திரும்பிய நாள் 2025 மார்ச் 23. சனி அப்போது சூரியனுக்கு மிக அருகில் இருந்ததால் நம்மால் பார்க்க முடியவில்லை.

வளையம் இருக்கிறது, சரி. அது எதனால் ஆனது? 1850-இல் பிரகாசமான வளையங்களுக்கு உட்புறமாக மங்கலான இன்னொரு வளையத்தை அமெரிக்காவில் பாண்டும் இங்கிலாந்தில் டாஸும் கண்டார்கள். 1852-இல் நுங்கம்பாக்கத்தில் ஜேக்கப் அந்த மங்கல் வளையத்தை உற்றுப் பார்த்தபோது, அதற்குப் பின்னால் இருக்கும் சனியின் விளிம்பு அதன் வழியாகவே தெரிந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் லாசெல் என்பவரும் இதைத் தனியே கண்டார். ஒருவர் கண்டதைக் கடல் கடந்த இன்னொருவரும் கண்டதால் கண்மயக்கம் என்று ஒதுக்க முடியாமல் போனது. ஊடே தெரிகிற ஒன்று கெட்டித் தகடாக இருக்க முடியாது. 1859-இல் அச்சான கட்டுரையில் இயற்பியலர் மாக்ஸ்வெல் கணிதத்தால் காட்டினார்: கெட்டி வளையமானால் நிலைக்காது, நீர்மமானாலும் சிதறும், எண்ணிலடங்காத சிறு துணுக்குகள் தனித்தனியே சுற்றினால்தான் வளையம் நிலைக்கும். 1895-இல் கீலர் என்ற அமெரிக்கர் நிறமாலையால் அளந்து, உள்விளிம்பு வேகமாகவும் வெளிவிளிம்பு மெதுவாகவும் ஓடுவதை உறுதிசெய்தார். சுமார் 2.7 லட்சம் கிலோமீட்டர் குறுக்களவுள்ள வளையங்கள், பெரும்பகுதியும் பனிக்கட்டித் துணுக்குகள், தடிமன் பல இடங்களில் சில பத்து மீட்டர்தான். இந்த அறிவுக்கு நுங்கம்பாக்கமும் ஒரு கை கொடுத்தது என்பது நம் பள்ளிப் புத்தகங்களில் இருக்க வேண்டிய செய்தி.

இதே ஜேக்கப் 1855-இல் இன்னொன்றும் சொன்னார். 70 ஓபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் ஓட்டத்தில் ஒரு பிசிறு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அங்கே இருப்பது மிகவும் சாத்தியம் என்று. வேறு சூரியனுக்குக் கோள் உண்டு என்று அளவுகளை வைத்து வாதாடிய மிக முந்தைய முயற்சிகளில் ஒன்று அது, சென்னையிலிருந்து எழுந்தது. நாற்பது ஆண்டு கழித்து சீ என்ற அமெரிக்கர் இன்னும் ஓங்கிய குரலில் அதையே சொன்னார். 1899-இல் மோல்டன் என்ற வானியலர் கணக்குப் போட்டு, அவர் சொன்னபடியான அமைப்பு அங்கே நிலைத்திருக்கவே முடியாது என்று காட்டினார். கோள் இல்லை. வேறு விண்மீன்களுக்குக் கோள்கள் உண்டு என்பது உறுதியாக 1990-கள் வர வேண்டியிருந்தது. ஜேக்கப்பின் எண்கள் அச்சில் இருந்ததால்தான் அவரைத் தவறு என்று காட்ட முடிந்தது. ஞானதிருஷ்டியில் கண்டேன் என்று சொல்லியிருந்தால் இன்றுவரை யாரும் மறுத்திருக்க முடியாது.

ஜேக்கப்புக்குப் பின் வந்த நார்மன் போக்சன் 1861 முதல் 1891 வரை முப்பது ஆண்டு இருந்தார். வந்த ஆண்டே ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு 'ஆசியா' என்று பேர் வைத்தார். அவர் காலத்து முதல் உதவியாளர்தான் எனக்கு இந்தக் கதையின் நாயகர்: சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர், இளவயதிலேயே வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1867-இல் தென்வானத்தில் ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தியில் கவனித்தார். 1872-இல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினரானார். 1874 டிசம்பர் 9-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதை விளக்கித் தமிழ் உட்படப் பல மொழிகளில் சிறு நூல் போட்டார். பண்டிதரும் சித்தாந்தியும் உரையாடுவது போன்ற நடை அதற்கு.

அவரை ஊரார் முன் வம்புக்கு இழுத்தது வேறொன்று. பஞ்சாங்கத்தில் எழுதியிருப்பது வானத்தில் தெரிவதோடு ஒத்துப்போக வேண்டும் என்றார். கண்ணால் கண்ட நிலைக்கு ஏற்பத் திருத்திய திருக்கணித பஞ்சாங்கத்தை அவரே கணித்து வெளியிட்டார். வெள்ளைக்காரன் கணக்கைக் கொண்டுவந்து மரபில் கலக்கிறார் என்று பேச்சு எழாமல் இருக்குமா? ஆனால் அவர் செய்தது மரபுக்குள்ளேயே இருந்த வேலை. கேரளத்துப் பரமேஸ்வரர் ஆண்டுக்கணக்காகக் கிரகணங்களைப் பார்த்துக் குறித்துவைத்து, 1431-இல் பழைய எண்களைத் திருத்தித் 'திருக்கணிதம்' எழுதியிருந்தார்.

அந்த வழக்கு இன்றும் நம் ஊர் வாசலில் நிற்கிறது. சனிப்பெயர்ச்சி எப்போது? திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-இல் சனி மீனத்துக்குள் போனார். மனப்பாட வாக்கியங்களால் கணிக்கும் பழைய வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6. திருநள்ளாறு வாக்கியத்தைப் பின்பற்றுவதால் 2025-இல் அங்கே பெயர்ச்சி விழா இல்லை. அதற்கு முந்தைய கும்பப் பெயர்ச்சி: திருக்கணிதம் 2023 ஜனவரி 17, வாக்கியம் அதே ஆண்டு டிசம்பர் 20. அதற்கும் முந்தைய மகரப் பெயர்ச்சி: 2020 ஜனவரி 24, டிசம்பர் 27. கழித்துப் பாருங்கள்: 342, 337, 338 நாள். ஏதோ இரு ஜோதிடர்களின் கருத்து வேறுபாடானால் இப்படி ஒரே அளவில் வராது.

காரணம் என்ன? வாக்கியக் கணக்கின் வேர் ஆரியபட்டரின் மரபில் இருக்கிறது. அவர் கணக்கில் ஒரு மகாயுகத்தில் 157,79,17,500 நாள். அதில் சனி 1,46,564 சுற்று. கைப்பேசியில் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 10,766 நாள் வரும். இன்றைய அளவு 10,759 நாள். வித்தியாசம் ஏழு நாளுக்குச் சற்றுக் குறைவு, அதாவது பத்தாயிரத்தில் ஆறு பங்கு. தொலைநோக்கி இல்லாத காலத்தில் இது வியக்க வேண்டிய துல்லியம். ஆனால் சுற்றுக்கு ஏழு நாள் பின்தங்கும் கடிகாரத்தை ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு திருத்தாமல் ஓடவிட்டால்? சனி இதற்குள் ஐம்பது சுற்றுக்கு மேல் போய்விட்டது. ஐம்பதை ஏழால் பெருக்கினால் முந்நூற்றைம்பது. இடையில் செய்த சிறு திருத்தங்களும் வேறு காரணங்களும் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும்; ஆனாலும் 340-ஐ ஒட்டிய அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிகிறதல்லவா?

கணக்கை நம்பாதவர்களுக்கு வானமே ஒரு நாள் சாட்சி சொன்னது. 2020 டிசம்பர் 21 மாலை மேற்கே குருவும் சனியும் நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளியில் நின்றன. 1623-க்குப் பிறகு அவ்வளவு நெருங்கியதில்லை. போரூர்க்காரரும் பொழிச்சலூர்க்காரரும் ஒரே இடத்தில். வாக்கியக் கணக்கில் குரு நவம்பர் 15-ஆம் தேதியே மகரத்துக்குப் போய்விட்டார். சனி மகரத்துக்கு வர இன்னும் ஆறு நாள் இருந்தது. அப்படியானால் அன்று இரண்டும் வேறு வேறு ராசியில், கை நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் நின்றிருக்க வேண்டும். ராசியின் எல்லைக்கோடு எங்கே என்ற அயனாம்சத் தகராறு இங்கே செல்லாது. இரண்டு கோள்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. மாடிக்குப் போய்ப் பார்த்த எந்தப் பிள்ளையும் தீர்ப்புச் சொல்லியிருக்கும்.

கோயிலில் விழா எந்த நாளில் எடுப்பது என்பது கோயிலின் வழக்கம். அதில் தலையிட எனக்கு வேலை இல்லை. எள் தீபம் ஏற்றுகிறவர் தன் மனச்சுமையை இறக்கிவைக்க வருகிறார். அவரிடம் பாகைக் கணக்கு பேசுவது அநாகரிகம். ஆனால் சனி இன்று வானத்தில் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை நம்பிக்கையால் தீர்க்க முடியாது, வயதில் மூத்தவர் சொன்னார் என்பதாலும் தீர்க்க முடியாது. ரகுநாதாச்சாரி வழிபாட்டையும் வானக் கணக்கையும் குழப்பிக்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன்.

1880-இல் அவர் காலமானார். போக்சனுக்குப் பின் வந்த மிச்சி ஸ்மித், நகரின் மேகமும் புழுக்கமும் போதும் என்று மலையைத் தேடினார். 1899-இல் வானியல் பணி கொடைக்கானலுக்குப் போனது. பத்து ஆண்டுக்குள் அங்கே ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டறிந்தார். அந்தப் பரம்பரையின் தொடர்ச்சிதான் இன்றைய இந்திய வான் இயற்பியல் நிறுவனமும் காவலூர் வானாய்வகமும். நுங்கம்பாக்கத்தில் மிஞ்சியது வானிலைப் பிரிவு. 1796-இல் தொடங்கிய வானிலைக் குறிப்புகள் அங்கே தொடர்கின்றன. கருங்கல் தூணும் அந்த வளாகத்திலேயே நிற்கிறது. நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் இத்தனை என்று ஐப்பசி முழுதும் நாம் கேட்பது அந்த வானாய்வகத்தின் மிச்சக் குரல். 2015 டிசம்பர் 2 காலை எடுத்த கணக்கில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், நுங்கம்பாக்கத்தில் 29. ஒரே நகரத்துக்குள் இத்தனை வித்தியாசம் என்பதை அன்று அடையாற்றங்கரையில் இருந்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் இடத்து மழையை வைத்து இன்னோர் இடத்துக்கு வெள்ள எச்சரிக்கை தர முடியாது என்ற பாடத்துக்கு அந்த இரண்டு எண்களும் போதும். புறநகரில் இன்னும் அடர்த்தியாக மழைமானிகள் வேண்டும் என்று கேட்பதற்கு நம் ஊராட்சிக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

நம் ஊரில் விமான நிலையத்து வெளிச்சம் இரவு முழுக்க வானத்தைச் சாம்பலாக்கிவிடுகிறது. பால்வீதியைப் பார்க்க வழியில்லை. சனிக்கு அந்தத் தடை இல்லை. பிரகாசமானது, விண்மீன்போல் மினுக்காது. 2026-இல் அக்டோபர் 4-ஐ ஒட்டி, சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே எழும். பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ இரண்டு வாரம் தள்ளித் தள்ளி. அறுபது மில்லிமீட்டர் தொலைநோக்கி, முப்பது மடங்கு பெருக்கம், ஆடாத முக்காலி இருந்தால் வளையம் தெரியும். 2025-இல் விளிம்பு காட்டி மெலிந்த வளையம் ஆண்டுக்கு ஆண்டு விரிந்து 2032-ஐ ஒட்டி முழு அகலம் காட்டும். நம் பள்ளிப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் ஒரு நோட்டைத் தொடங்கி, மாதம் ஒருமுறை வளையத்தை வரைந்து, சனிக்குப் பக்கத்து விண்மீன்கள் எத்தனை முஷ்டி தூரம் என்று தேதியோடு குறித்துவந்தால், பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் சனி இரண்டு ராசிக்கு மேல் நகர்ந்திருக்கும். இரண்டு பஞ்சாங்கத்தையும் நோட்டின் பக்கத்தில் வைத்து அவர்களே ஒப்பிடலாம். மேகத்தால் பார்க்க முடியாத மாதங்களையும் நோட்டில் எழுத வேண்டும்; ஐப்பசி, கார்த்திகையில் அது நிறைய இருக்கும்.